அட்வைஸுக்குப் பன்மை கிடையாதாம்

பெங்களூர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அல்சூரில் தமிழிலேயே காய்கறி வாங்கிக் காலம் தள்ளிவிடலாம், ஆனால் ஆபீஸ் மெயிலில் அது நடக்காதே. போன வாரம் மேனேஜருக்கு 'தேங்க்ஸ் ஃபார் யுவர் அட்வைசஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கத்து சீட்டு மதுரைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, அட்வைஸுக்குப் பன்மை கிடையாதுப்பா" என்றார்.

நமக்கு 'அறிவுரைகள்' என்று சொல்லிப் பழக்கம், அந்தக் 'கள்' இங்கேயும் தொற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது தண்ணீர், அரிசி மாதிரி, எண்ண முடியாது. முன்னால் 'ஆன்' போடுவதும் தப்பு. ஒன்றே ஒன்று என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', பொதுவாகச் சொன்னால் 'சம் அட்வைஸ்', அவ்வளவுதான்.

இன்னொரு வம்பு ஸ்பெல்லிங்கில். பெயர்ச்சொல் சி, ஈ என்று முடியும். வினைச்சொல் எஸ், ஈ என்று முடியும், அதன் கடைசி ஒலி தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரும், தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமே தெரியாது. அப்புறம், பேங்க்காரர்கள் அனுப்பும் பேமெண்ட் அட்வைஸ் இருக்கிறதே, அது தகவல் சீட்டு, அதற்கு மட்டும் பன்மை உண்டு!

சரி, மெயில் போனது போனதுதான். மாலையில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: 'மை அட்வைசஸ் ஆர் ஆல்வேஸ் வித் யூ.'