முட்டையைப் பற்றிச் சொல்லவில்லை

ஜூன் 8, 2025, ஞாயிறு

கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் ஐயெல்ட்ஸ் என்ற இங்கிலீஷ் தேர்வின் மாதிரி ஒன்றை இன்று எழுதிப் பார்த்தேன். கேட்டல் பகுதியில் 40-க்கு 27. வாசிப்பில் 19. வாசிப்பில் 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7 பேண்ட் (இந்தத் தேர்வில் மதிப்பெண்ணுக்கு அதுதான் பெயர்), 23 என்றால் 6. என் 19 எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தையும் பேச்சையும் திருத்த ஆள் இல்லை. ஒருவகையில் நிம்மதி.

இந்தக் குறிப்பைப் படிப்பவர்களுக்கு முதலில் என் கதை. சிவில் படித்தவன். மஸ்கட்டில் மூன்று வருடம், அப்புறம் காரைக்குடியைச் சுற்றிப் பழைய நகரத்தார் வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை, பதினோரு வருடமாக. வயது 37. பழங்கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்க வேண்டும், பிரிட்டனில். பல்கலைக்கழகம் மொத்தத்தில் 6.5 கேட்கிறது. அதோடு எந்தப் பகுதியும் 6-க்குக் கீழே இறங்கக் கூடாது. சேர்க்கை அடுத்த வருடம் செப்டம்பரில்.

மாடியில் குடியிருப்பவர் சிக்ரி என்ற காரைக்குடி மத்திய ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர், ஏற்கெனவே டோஃபல் என்ற இன்னொரு இங்கிலீஷ் தேர்வு எழுதியவர். அதில் பேச்சுத் தேர்வு கம்ப்யூட்டர் மைக்கோடு, இதில் எதிரே ஒரு மனிதர் இருப்பார் என்றார். மனிதரே போதும் என்று முடிவு செய்தேன். மைக்கிடம் பேசுகிற ஆள் நானில்லை.

ஜூன் 19, வியாழன்

இரண்டு வாரம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்விட்டு இன்றோடு நிறுத்திவிட்டேன். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் 'இன் திஸ் காண்டெம்பரரி எரா' என்று தொடங்கச் சொல்கிறார்கள். நடுவே தலைப்பை மட்டும் செருகிக்கொள்ள வேண்டும், முடிவுக்கும் ஒரு பத்தி மனப்பாடம். மண்டபத்து வாசலில் வருடம் முழுக்க ஒரே வளைவை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றுகிற மாதிரி. மதிப்பெண் போடுகிறவர் பார்ப்பது நான்கு: கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. மனப்பாடப் பத்தியை அவர்கள் நம்மைவிட அதிகம் பார்த்திருப்பார்கள்.

கட்டிய பணம் போனது போனதுதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (இதை அவள் படித்தால் சொன்னதாக ஆகிவிடும்.)

காலை ஐந்து முதல் ஆறரை வரை நானே படிப்பது என்று வைத்திருக்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மகள் டிக்டேஷன் கொடுப்பாள். நான்காம் வகுப்பு. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், எழுத்துப்பிழை இருந்தால் விடை தப்பு. 'அகாமடேஷன்' என்ற சொல்லில் சி இரண்டு, எம் இரண்டு. பதினைந்து வருடமாக ஒரே எம் போட்டு எத்தனை பில்களில் எழுதியிருக்கிறேன்! எந்த முதலாளியும் கேட்கவில்லை, மகள் கேட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

வாசிப்பில் எங்கே அடி வாங்குகிறேன் என்று இன்று கண்டுபிடித்தேன். மூன்று பாடம், 40 கேள்வி, 60 நிமிடம். நேரம்தான் பிரச்சினை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விடைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் தப்பானவற்றில் பாதி ஒரே வகைக் கேள்வி: 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்'. பாடத்தில் அப்படி இருந்தால் சரி. பாடம் அதை மறுத்தால் தவறு. பாடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் 'சொல்லப்படவில்லை'.

இந்த மூன்றாவதுதான் என்னைக் கொல்கிறது. பாடத்தில் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியுமே! ஒரு பாடம் பழைய கட்டடங்களில் காற்றோட்டம் பற்றி. "முற்றம் வைத்த வீடுகள் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும்" என்று ஒரு வாக்கியம். சரி என்று போட்டேன். வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில், நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா? விடைத்தாளில் 'சொல்லப்படவில்லை'. திரும்பத் திரும்பப் படித்தேன், உண்மையிலேயே பாடத்தில் ஒரு வரி இல்லை.

நம் பேச்சில் இந்த மூன்றாவது பெட்டி அவ்வளவாகக் கிடையாது. ஒரு சங்கதி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஒருவன் சொன்னால், அவர் சம்மதித்துவிட்டார் என்றோ கோபமாக இருக்கிறார் என்றோ ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வோம். மௌனத்துக்குப் பொருள் சொல்லியே வளர்ந்தவர்கள்.

ஜூலை 14, திங்கள்

படிக்கவில்லை. வேலை நடக்கும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு பிரித்துப் போட்டிருந்த நேரம் பார்த்து மழை.

ஜூலை 23, புதன்

எழுத்தில் முதல் பகுதி ஒரு படத்தையோ வரைபடத்தையோ பார்த்து 150 சொல்லாவது எழுதுவது, 20 நிமிடத்துக்குள். இன்று பயிற்சிக்கு எடுத்த படம் செங்கல் செய்யும் முறை. அல்வா சாப்பிடுகிற மாதிரி உட்கார்ந்தேன். களிமண் எடுப்பது, கலப்பது, அறுப்பது, காயவைப்பது, சுடுவது, ஆறவைப்பது. 260 சொல். ஈரம் சரியாகக் காயாமல் சூளையில் அடுக்கினால் வெடிக்கும், அதனால்தான் இந்தப் படி முக்கியம் என்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன்.

மாடி மாணவர் படித்துவிட்டு அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டார்.

"இது படத்துல எங்கண்ணே இருக்கு?"

"இல்லைதான். ஆனா உண்மை."

"உண்மையை அவங்க கேக்கலையே. படத்துல இருக்கிறதைத்தான் கேக்கிறாங்க."

இதிலும் அதே வியாதி. அதோடு கூடுதலாக நேரமும் போச்சு. இரண்டாம் பகுதிக் கட்டுரைக்குத்தான் முதல் பகுதியைப்போல் இரண்டு மடங்கு மதிப்பு. 250 சொல், 40 நிமிடம். செங்கல்லைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் கட்டுரைக்கு நேரம் எங்கே?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றைய சங்கதி கொஞ்சம் நீளம்.

இப்போது வேலை நடக்கும் வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். பங்காளிகள் பதினோரு பேர். ஒருவர் சிங்கப்பூர், இருவர் சென்னை, மற்றவர்கள் எங்கெங்கோ. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், ஒழுகுவதை நிறுத்த வேண்டும் என்பது. வீட்டில் இருப்பது 84 வயது ஆச்சி ஒருவர்.

பங்காளிகளுக்கு நான் ஒரு அறிக்கை எழுத வேண்டும், இங்கிலீஷில். படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இதையே இணைத்துவிடலாம் என்று ஒரு கணக்கும் உண்டு. சுவர்ப் பூச்சைப் பற்றி எழுதும் இடத்துக்கு வந்தேன். செட்டிநாட்டுப் பூச்சு என்றாலே சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு. சுற்றுலா வருகிறவர்களுக்கு நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்த வரியை எழுதிவிட்டுக் கை நின்றது. இந்த வீட்டுப் பூச்சில் முட்டை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது?

கொத்தனார் அண்ணனைக் கேட்டேன். அவர் மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை.

"இதென்ன கேள்வி தம்பி. எங்க தாத்தா வண்டி வண்டியா முட்டை வந்து எறங்குறதைப் பாத்திருக்காக."

"இந்த வீட்டுலயா?"

"எந்த வீடா இருந்தா என்ன?"

ஆச்சி குறுக்கே வந்தார். பெட்டகத்தில் வீடு கட்டிய கணக்கே இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், இதுவரை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேக்கலையே" என்றார்.

சிவப்புத் துணி சுற்றிய நீளமான பேரேடு. சித்தார்த்தி வருஷம், அதாவது 1919-20. எண்ணெல்லாம் பழைய தமிழ் எண். எழுத்துக்குப் புள்ளி கிடையாது, அளவுகளுக்குச் சுருக்கக் குறி. ஒரு வரி படிக்க முடியவில்லை. இங்கிலீஷ் பாடத்தில் 40-க்கு 19 எடுத்தேன் என்று புலம்பியவன், என் தாய்மொழியில் எழுதிய பேரேட்டில் பூஜ்யம். ஆச்சிதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். ரங்கூனிலிருந்து மரம் வந்த கூலி. சுண்ணாம்பு இத்தனை வண்டி. கடுக்காய். கருப்பட்டி. ஆசாரிக்குக் கொடுத்தது. கொத்தனுக்குக் கொடுத்தது. எண்ணெய். இரண்டு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். முட்டை வரவே இல்லை.

"அப்ப முட்டை போடலை" என்றேன், வாய் தவறி.

கொத்தனார் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சைவமா இருக்கிற வீட்டுக் கணக்குல முட்டை வாங்குனதை எழுதுவாகளா? கொத்தன் கூலியோட சேத்து முடிச்சிருப்பாக."

அதுவும் நியாயம்தானே. எழுதாததால் போடவில்லை என்று ஆகாது. எல்லோரும் சொல்வதால் போட்டார்கள் என்றும் ஆகாது. அந்த மூன்றாவது பெட்டி எதற்கு என்று, பயிற்சிப் புத்தகத்தை எடுத்த இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அறிக்கையில் இப்படி எழுதினேன்: கட்டுமானக் கணக்கில் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் குறிக்கப்பட்டுள்ளன, முட்டை பற்றிக் குறிப்பு இல்லை, பூச்சுத் துண்டை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

கொத்தனார் அண்ணன் சாயங்காலம் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளை பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிப் பக்கம் வண்டி நகரவில்லை, திருப்பத்தூரிலிருந்து திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம். வண்டிக்குள்ளேயே பேச்சுப் பயிற்சி செய்தேன். பக்கத்து காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு அட்டை கொடுப்பார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். 'உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய கட்டடம்' என்று மாணவர் போன வாரம் கேட்டபோது நாற்பது விநாடியில் முடிந்துவிட்டது. "வெரி பிக் ஹவுஸ், வெரி ஓல்ட், பர்மா டீக்" அவ்வளவுதான். மஸ்கட் சைட் இங்கிலீஷ் அதற்கு மேல் போகாது. அங்கே "டுமாரோ ஃபினிஷ், நோ ப்ராப்ளம்" என்றால் வேலை நடந்துவிடும். வாயில் கொழுக்கட்டையா என்று அவர் கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

இன்று வேறு மாதிரி முயன்றேன். யோசிக்கக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் சொற்களைக் குறிக்காமல் வீட்டின் பிளானை வரைந்தேன். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு. அப்புறம் ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடக்கிற மாதிரிப் பேசினேன். காலடியில் ஆத்தங்குடிக் கல், அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து வார்ப்பார்கள், அதனால்தான் அந்த வழவழப்பு. இரண்டு நிமிடம் ஆனபோது நான் இன்னும் வளவைத் தாண்டவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலை நான்கு மணி பஸ்ஸில் திருச்சி. திருமயம் கோட்டை இருட்டில் கடந்து போனது, புதுக்கோட்டையில் ஒரு டீ.

மையத்தில் கைக்கடிகாரம், பர்ஸ், போன் எல்லாம் வெளியே. கையில் பாஸ்போர்ட் மட்டும். மஸ்கட் போகும்போது எடுத்ததை இடையில் புதுப்பித்தது. அதில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதினால் இதுதான் கதி. பதிவிலும் அப்படியே கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே அழைத்தபோது அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகே எழுந்தேன். ஐந்தாவது வரை படித்த மனிதர், அவர் பெயரில் இங்கிலீஷ் பரீட்சை.

கேட்டல், வாசிப்பு, எழுத்து மூன்றும் இடைவெளி இல்லாமல் கம்ப்யூட்டரில். என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது, ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இதுவரை சொல்லலாம்: பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்த வேகம் ஆலங்கட்டி மழை. நான் இரண்டு விரல். கட்டுரையின் கடைசிப் பத்தி ஒரே வாக்கியத்தோடு நின்றது. அந்தத் திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரிகிறது, அது 250-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் இன்னும் பதற்றம்.

மதியம் பேச்சு. பழைய வீட்டைப் பற்றிய கேள்வி வரவில்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

கேட்டல் 7.5, வாசிப்பு 6.5, பேச்சு 6.5, எழுத்து 5.5. சராசரி 6.5.

மொத்தம் சரி. எழுத்தில் அரை குறைவு. அந்த அரைதான் வாசலை மறிக்கிறது.

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். "பாஸா ஃபெயிலா?" என்றார். "ரெண்டும் இல்லை ஆச்சி." "அதென்ன கணக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு கந்தரப்பம் வைத்தார். கொத்தனார் அண்ணன் ஒன்று எடுத்துக்கொண்டு, எத்தனை பகுதி, எதில் குறைந்தது என்றெல்லாம் விசாரித்தார். பேச ஆரம்பித்துவிட்டார், அதுவே எனக்குப் போதும். முட்டைப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம், முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள். எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. கேட்டு மின்னஞ்சல் போட்டிருந்தேன், இன்று பதில் வந்தது, ஏற்பார்கள். அக்டோபர் 11-க்குப் பதிவு செய்துவிட்டேன். பயிற்சி மையத்துச் செலவையும் சேர்த்து வீட்டில் சொல்லியாகிவிட்டது. அவள் திட்டவில்லை, ஆனால் தீபாவளிக்குக் கண்டாங்கிச் சேலை கேட்டிருக்கிறாள், இரண்டு.

மகள் இப்போது டிக்டேஷனை விட்டுவிட்டுத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறாள். நேற்று நாற்பது நிமிடத்தில் 271 சொல், முடிவுப் பத்தியோடு. நாளை ஐந்து மணிக்கு இன்னொரு கட்டுரை. ஏழு மணிக்குச் சுண்ணாம்புக் குழியைத் திறக்க வேண்டும், அண்ணன் வந்துவிடுவார்.