பால் கக்கிய பாப்பாவும் நர்ஸம்மாவின் தராசும்

பிறந்து ஒரு மாதம் ஆனதிலிருந்து மகள் பால் குடித்ததும் கக்கிவிடுவாள். தோளில் போட்டால் என் ஜாக்கெட் நனையும், மடியில் கிடத்தினால் சேலை. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம். "கக்குற பிள்ளை தக்கும்மா" என்று மாமியார் அசையாமல் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவோ தொக்கு எடுக்க, அதாவது தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியத்துக்கு, கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பச்சைக் குழந்தையின் தொண்டைப் பக்கம் யாரையும் விடுவதாக நான் இல்லை.

உண்மையில் கக்கல் என்னைப் பயமுறுத்தவில்லை. குடிக்கும்போதே முதுகை வில்லாக வளைத்து அழுவாள். இருமல், விக்கல். பால் வெளியே வராதபோதும் எதையோ திரும்ப விழுங்குகிற சத்தம் கேட்கும். இதுவும் எதுக்களிப்புதான் என்று அப்போது தெரியாது.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் தராசை எடுத்தார். தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைத்து, கோடு ஏறுவதைக் காட்டினார். ஒண்ணுக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று கேட்டார். இரண்டும் சரி. இருந்தாலும் அழுகைக்காக டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனோம். பஸ்ஸிலும் ஒரு கக்கல். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துத் தசை இன்னும் இறுகவில்லை, அதனால்தான் பால் மேலே வருகிறது, இந்த எதுக்களிப்பு பெரும்பாலும் 8 வாரத்துக்குள் தொடங்கி ஒரு வயதுக்குள் அடங்கிவிடும் என்றார் டாக்டர். மருந்து எழுதவில்லை. தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுக்க வேண்டும், நடுவில் ஏப்பம் விடவைக்க வேண்டும், பிறகு அரை மணி நேரம் போல நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். தூங்கும்போது மட்டும் தலையணை இல்லாமல், சமதளத்தில், மல்லாக்க. இதில்தான் வீட்டில் சண்டை. தூளியில் தலை உயர்ந்திருக்குமே என்பது மாமியாரின் வாதம், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியவற்றை டாக்டர் தனியாக ஒரு சீட்டில் எழுதித் தந்தார்: கக்கல் பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால், அதிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால், பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், மூத்திரம் குறைந்தால். எடை ஏறாமல் நின்றாலும் காட்ட வேண்டும். அந்தச் சீட்டை அட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

நாலாவது மாதம்தான் மோசம், துண்டு துவைத்தே கை ஓய்ந்தது. உட்காரப் பழகியபின் மெல்லக் குறைந்தது. இப்போது கேப்பைக் கூழ் சாப்பிடுகிறாள். எப்போதாவது கக்கினால் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுகிறேன்.