எடை குறையும் மாடி

இத்தாலியில் வெரோனா நகருக்கு வடமேற்கே, லெசினி மலையடிவாரத்தில் வல்போலிசெல்லா என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு திராட்சைத் தோட்டக் குடும்பத்திடம் சில ஆண்டுகள் கணக்காளராக வேலை பார்த்தேன். அதற்கு முன் மிலானில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனங்களின் கணக்கு பார்த்துப் பழகியவன் நான். அங்கே கிடங்கில் இருப்பு குறைந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும். இங்கே இருப்பு குறைய வேண்டும் என்பதற்காகவே ஒரு மாடியைக் கட்டி வைத்திருந்தார்கள்.

அமரோனே என்ற சிவப்பு ஒயின் செய்யும் முறை அப்படி. செப்டம்பர், அக்டோபரில் பறித்த குலைகளை உடனே நசுக்குவதில்லை. காற்றோட்டமுள்ள மாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஏறக்குறைய ஜனவரி வரை உலரவிடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில ஆண்டுகளில் 40 சதவீதம் வரை காற்றோடு போய்விடும். மிஞ்சுவதில் சர்க்கரை செறிந்திருக்கும். குளிர்காலத்தில் மெல்ல மெல்லப் புளித்து, 15 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹாலோடு வந்து நிற்கும். உலர்த்துவதற்கு முன் 100 கிலோவாக இருந்த திராட்சைக்கு 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை.

அறுவடை நாட்களில் அலுவலகம் என்று ஒன்று இருக்காது. என்னையும் தோட்டத்துக்கு அழைத்துவிடுவார்கள். கொர்வீனா, கொர்வினோனே, ரோந்தினெல்லா என்ற மூன்று வகைகள்தான் அங்கே முக்கியம். பறித்த எல்லாக் குலையும் மாடிக்கு ஏறாது. வீட்டுப் பெரியவர் குலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பழங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது உலர்த்தும் பெட்டிக்கு. நெருக்கமாக இருந்தால் சாதாரண வல்போலிசெல்லா ஒயினுக்கு. காற்று புகாத குலைக்குள் ஒரு பழத்தில் பூஞ்சை பிடித்தால் பெட்டி முழுவதும் போய்விடும். ருமேனியாவிலிருந்து வந்த பெண்களுக்கு அப்படித் தூக்கிப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை. கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் மூங்கில் தட்டிகளில்தான் உலர்த்தினார்கள். பட்டுப்புழு வளர்த்த காலத்தில் அவற்றையே அதற்கும் பயன்படுத்தினார்களாம். இப்போது கழுவி எடுக்க வசதியான பிளாஸ்டிக் பெட்டிகள். மூங்கில் தட்டிகள் சில இன்னும் மாடியில் இருந்தன, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ள.

நவம்பரில் போ ஆற்றுச் சமவெளியிலிருந்து மூடுபனி வரும்போது வீட்டில் சண்டை தொடங்கும். மகள் ஈரப்பதமானி வைத்து, அளவு ஏறினால் தானே ஓடும் மின்விசிறிகளைப் பொருத்தியிருந்தாள். பெரியவர் அதை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், இரவில் மாடிக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார். நான் பெரியவர் பக்கம்தான். மின்கட்டண ரசீது என் மேசைக்கு அல்லவா வரும்.

விற்பனையைப் பார்த்துக்கொண்ட மகன் விளம்பரத்தாளில் 'பழம்பெரும் பாரம்பரியம்' என்று எழுதுவான். ஆறாம் நூற்றாண்டில் காஸியொதோருஸ் என்ற அமைச்சர் வெரோனாவின் உலர்திராட்சை ஒயினைப் புகழ்ந்து எழுதிய கடிதமும் அதில் தவறாமல் இடம்பெறும். பெரியவருக்கு அது சிரிப்பு. அவருடைய தாத்தா செய்தது ரெச்சோத்தோ என்ற இனிப்பு ஒயின். சர்க்கரை முழுவதும் புளித்து இனிப்பு போய்விட்டால் அந்தப் பீப்பாய் கெட்டுவிட்டது என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். இனிப்பில்லாத அந்த ஒயின் அமரோனே என்ற பெயரில் சந்தைக்கு வந்தது 1950களில்தான். இத்தாலியின் உயர்ந்த தரச்சான்று கிடைத்தது 2010இல்.

கணக்காளனுக்குத் தலைவலி காத்திருப்புதான். அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி இரண்டு ஆண்டுகள் முதிரவிட வேண்டும் என்பது சட்டம். கூடுதலாக முதிரவிடும் ரிசேர்வா என்றால் அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி நான்கு. இந்தக் குடும்பம் பெரிய ஓக் பீப்பாய்களில் அதற்கும் மேலாக வைத்திருக்கும். சம்பளமோ மாதாமாதம். அதனால் இளம் வல்போலிசெல்லா கூலியைக் கொடுக்கும்; அமரோனே பிழிந்த சக்கையின் மேல் அதே இளம் ஒயினை ஊற்றி மறுபடி புளிக்கவைக்கும் ரிபாஸ்ஸோ கடனை அடைக்கும்; அமரோனே நிலவறையில் கிடக்கும்.

2014இல் கோடை முழுவதும் மழை. தோட்டத்தில் தூக்கிப் பிடித்த குலைகளில் வெளிச்சம் தெரிந்தவை குறைவு. சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்த ஆண்டு அமரோனே வேண்டாம் என்று பெரியவரும் மகளும் முடிவெடுத்தார்கள். நாம் இல்லாத இடத்தில் வேறு யாருடைய பாட்டிலாவது வந்து உட்கார்ந்துவிடும் என்று மகன் வாதாடினான். என்னிடம் கேட்டது எவ்வளவு நட்டம் என்று மட்டும்தான். நட்டம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அமரோனே இல்லையென்றால் சக்கை இல்லை, சக்கை இல்லையென்றால் ரிபாஸ்ஸோவும் இல்லை. அடி அதற்கு வெகு முன்பே விழும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். பெரியவர் படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு மாறவில்லை.

மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு மேலாளர் இப்படிச் செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. அதற்காகக் குடும்பச் சொத்து என்றாலே நல்லது என்று சொல்லவும் நான் தயாரில்லை. இத்தாலியச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. தூரினில் இருந்த பெரியவரின் தம்பி தோட்டத்தில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் அவர் பங்கை வல்போலிசெல்லா நிலவிலைக்கு வாங்கித்தான் தீர வேண்டியிருந்தது. அந்தத் தவணையும் அதே சமயத்தில்தான் வந்தது. வங்கியில் கடனைத் தள்ளிவைக்கக் கேட்டுப் போய் உட்கார்ந்தவன் நான்.

மாடிக்குப் போயிருக்க வேண்டிய நல்ல குலைகளும் சேர்ந்ததால், 2014இன் சாதாரண வல்போலிசெல்லா மழை ஆண்டுக்கு மோசமில்லாமல் வந்தது. உள்ளூர் உணவகங்கள் கேட்டு வாங்கின. விலையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று மகனும் நானும் ஒரே குரலில் சொன்னோம். பத்து சென்ட்கூட ஏற்றப் பெரியவர் சம்மதிக்கவில்லை.