ஐந்தாம் காலில் பச்சை: பாம்பன் பட்டறைக் குறிப்பு

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து இன்று ஆறாவது நாள். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் இறங்காது, அதனால் மேஜை முழுக்க ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டுகள்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பக்கத்துத் தெரு சித்தப்பா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா என்று கூப்பிடுவேனே தவிர சொந்தமில்லை, தெருப்பழக்கம். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். டப்பாவுக்குள் துணி சுற்றிய மாடல் ரயில் டீசல் எஞ்சின், அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது.

ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும், ஆனால் இந்தத் தண்டவாளம் அந்நிய நாட்டு 1,435-க்குப் போட்ட கணக்கு. இது சித்தப்பாவுக்குத் தீராத குறை, வரும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிவிடுவார்.

"போகுது தம்பி, திடீர்னு நின்னுருது, தட்டினா திரும்பப் போகுது" என்றார். விளக்கு அணைகிறதா என்று கேட்டேன். இல்லையாம். அது போதும், பாதி நோய் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்குக் கரண்ட் வராமல் போனால் விளக்கும் சேர்ந்து சிமிட்டும். விளக்கு நிலையாக எரிந்து மோட்டார் மட்டும் நின்றால், கன்ட்ரோலரின் கட்டளையைப் புரிந்து எஞ்சினை ஓட்டும் டிகோடருக்கும் மோட்டாருக்கும் நடுவில்தான் எங்கோ தொடர்பு விடுகிறது.

"கடக்காத்து சித்தப்பா" என்றேன். எல்லாருக்கும் நான் சொல்வது அதுதான்.

22 ஏப்ரல், செவ்வாய்

கரண்ட் போய் வந்ததால் காலை வேலை எதுவும் உருப்படவில்லை. மதியம் எஞ்சினை எடுத்தேன். கன்ட்ரோலரையும் கொடுத்திருக்கிறார், புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து டிகோடரின் எண்ணைப் படிக்கச் சொன்னால் பதிலே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: டிகோடர் பேசுவதே மோட்டாருக்கு ஒரு சின்ன உதறல் கொடுத்துத்தான், அந்த உதறலில் கூடும் கரண்ட்டைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் "ஆமாம்" என்று எடுத்துக்கொள்ளும். மோட்டார் கம்பி விட்டிருந்தால் டிகோடர் ஊமைதான், செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குகிறவர்களும் இருப்பார்கள்.

மேல்கூட்டைக் கழற்றினேன். டிகோடரை எஞ்சின் போர்டோடு சேர்க்கும் எட்டுக் கால் பிளக், நான்கு நான்காக இரண்டு வரிசை. நிறங்கள் வழக்கமானவை: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. ஐந்தாம் கால் சாம்பல், ஆறாம் கால் வெள்ளை. அந்த இரண்டின் அடியில்தான் பச்சைக் களிம்பு, செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டதுபோல.

நான் செய்த தப்பை எழுதிவைக்கிறேன். பிளக்கை நேராகத் தூக்காமல் ஒரு பக்கமாக நெம்பினேன். களிம்பில் இறுகியிருந்த பிளக் தனியாக வரவில்லை, சாக்கெட்டின் ஒரு மூலையும் கூடவே கிளம்பியது, 'டிக்' என்று ஒரு சத்தம். ஐந்தாம் காலின் செம்பு வளையம் போர்டிலிருந்து உரிந்து காலோடு வந்துவிட்டது, மீன் செதில் மாதிரி, நகத்தில் பாதிகூட இல்லை.

கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

23 ஏப்ரல், புதன்

ராத்திரி முழுக்க ஒரு கேள்வி. கடற்காற்று என்றால் எட்டுக் காலும் அல்லவா களிம்பேற வேண்டும்? மற்ற ஆறும் பளபளவென்று இருக்கின்றன. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் முழுசாக ஏறக்கூட இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கம்பி ஆறாம் காலில் நேரடியாக வைத்து ஈயம் பிடிக்கப்பட்டிருக்கிறது, மேலே நீலக் குழாய்த் துண்டு. அந்த நீலக் குழாய் இந்த மேஜையின் இழுப்பறையில் ஒரு முழம் கிடக்கிறது. போன வருஷம் முன்விளக்கு எரியவில்லை என்று வந்தபோது நான் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்த வேலை அது, காசும் வாங்கினேன்.

அன்று ஈயம் பிடிக்கத் தொடும் நல்ல ஃபிளக்ஸ் தீர்ந்துபோயிருந்தது. தகர வேலைக்கு விற்கும் பேஸ்டைத் தொட்டு வைத்தேன், கழுவவும் இல்லை. அதில் இருப்பது துத்தநாக குளோரைடு, காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்ததும் செம்பை அரிக்கும். ஆறாம் காலில் வைத்தது பக்கத்து ஐந்துக்கும் ஊர்ந்திருக்கிறது. உப்புக்காற்று ஈரத்தைக் கொடுத்திருக்கலாம், விதைத்தது நான்.

26 ஏப்ரல், சனி

இரண்டு ஜிபிஎஸ் முடித்துக் கொடுத்த பிறகு உட்கார்ந்தேன். பழைய சாக்கெட்டை முழுசாக இழுக்காமல் பிளாஸ்டிக்கைக் கட்டரால் நறுக்கி, ஒவ்வொரு காலாகச் சுட்டு எடுத்தேன், இன்னொரு வளையம் போனால் தாங்காது. அப்புறம் போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பல் பிரஷ்ஷால் மூன்று தடவை தேய்த்தேன்.

புது சாக்கெட்டுக்கு எங்கும் போகவில்லை. காலுக்குக் காலுள்ள தூரம் சிப் செருகும் ஐசி பேஸில் இருப்பதுதான், 2.54 மி.மீ. ஆனால் சாதாரண ஐசி பேஸில் இரண்டு வரிசைக்கும் நடுவே 7.62, இங்கே அதுவும் 2.54. அதனால் வட்டத்துளை பேஸ் ஒன்றை நீளவாக்கில் அறுத்து இரண்டு நான்குகால் துண்டுகளாக்கி, ஒட்டி நிறுத்தி, வளையம் உள்ள ஏழு கால்களுக்கும் ஈயம் வைத்தேன்.

ஐந்தாம் காலுக்கு வளையம் இல்லையே. அதிலிருந்து போகும் செம்புக் கோட்டின் மேல் பச்சைப் பூச்சை பிளேடு நுனியால் 3 மி.மீ. சுரண்டினேன், அழுத்தினால் கோடே அறுந்துவிடும், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பளிச்சென்று செம்பு தெரிந்ததும் ரோசின் ஃபிளக்ஸ் தொட்டு மெல்லிசாக ஈயம் பூசி, பழைய ரிலேயில் உருவிய எனாமல் கம்பியை அங்கிருந்து காலுக்கு இழுத்தேன். எனாமலைச் சுரண்ட மறந்து முதல் தடவை ஈயம் பிடிக்கவே இல்லை, அது வேறு கதை. மேலே ஒரு சொட்டு அரால்டைட். பிளக்கை இழுக்கும் பாரம் கம்பிக்குப் போகாமல் பிசின் தாங்கட்டும்.

27 ஏப்ரல், ஞாயிறு

பிசின் இறுகிவிட்டது. மீட்டரில் எட்டுக் காலும் 'பீப்'. மோட்டார் முனைகளுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே 'பீப்' வரவில்லை, வரவே கூடாது, வந்தால் டிகோடர் புகைந்துவிடும்.

எண் படித்தது: 3. முன்னால் போ என்றால் பின்னால் போகிறது, விளக்கே இல்லை. வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், பிளக்கைத் திருப்பிச் செருகியிருக்கிறேன். 1-க்கு எதிர்மூலையில் 5, 4-க்கு எதிர்மூலையில் 8 என்று தலைகீழாகப் போட்டாலும் எதுவும் சாகாத மாதிரி இந்த வரிசையை அமைத்தவர்கள் என்னைப் போன்ற ஆட்களைத் தெரிந்தவர்கள். திருப்பிப் போட்டேன், சரியாகிவிட்டது.

1 மே, வியாழன்

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா பழைய கதவுப் பலகையில் தண்டவாளம் போட்டு, நடுவில் பழைய பாலத்தை அட்டையில் செய்து வைத்திருக்கிறார். 1914-ல் திறந்த அந்தத் தூக்குப் பகுதியை ஆள் நின்று நெம்பித்தான் திறந்து வந்தார்கள், அதே மாதிரி இரண்டு இறக்கையும் கையால் தூக்கலாம். போன மாதம் திறந்த புதுப் பாலம் லிஃப்ட் மாதிரி நேராக எழும்புகிறது, அதைச் செய்ய அவருக்கு இஷ்டமில்லை.

ஏழெட்டுச் சுற்று நிற்காமல் ஓடியது. காசு வேண்டாம் என்றேன், ஏன் என்றார். பேஸ்ட் விஷயத்தைச் சொன்னேன்.

கொஞ்சம் சிரித்தார். "பாலத்துல போல்ட்டு இத்துப்போனா நாங்களும் காத்து மேலதான்டா எழுதுவோம். பெயிண்ட்டு அடிக்காம விட்டது யாருன்னு எங்களுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து போன வருஷ நோட்டைப் புரட்டினேன். நல்ல ஃபிளக்ஸ் இல்லாத அந்த வாரத்தில் நான்கு படகு வயர்லெஸ் செட் பார்த்திருக்கிறேன். இரண்டு இப்போது மேஜையிலேயே இருக்கின்றன, மற்ற இரண்டு பேருக்கும் காலையில் போன் போட வேண்டும்.