பைக் செயின் சத்தம் வருதா?

மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் தினமும் வண்டி ஓட்டுறவங்களுக்கு: அங்க பறக்குற கல்தூசி செயின் எண்ணெயோட சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்சக்கரம்) பல்லைத் தேய்க்கும். முழு கவர் போட்ட 100 சிசி வண்டின்னா செயின் கண்ணுக்குத் தெரியாது, அதனால யாரும் தொடுறதே இல்ல. கவர்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க.

சென்டர் ஸ்டாண்டு, நியூட்ரல். விரலால செயினை மேலயும் கீழயும் அசைச்சா பெரும்பாலான வண்டிக்கு 20-30 மி.மீ. ஆடணும், சரியான அளவு கையேட்டுல இருக்கும். சக்கரத்தைச் சுத்திவிட்டு, செயின்ல நாலஞ்சு இடத்துல இப்படிப் பாருங்க. ஒரு இடத்துல இறுக்கம், இன்னொரு இடத்துல தொங்கல்னா செயின் முடிஞ்சது. அதை இழுத்துக் கட்டிப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டோட செட்டா மாத்துங்க.

செயினை இறுக்கும்போது பின்சக்கர ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வரணும். சக்கரம் பின்னால போனதும் டிரம் பிரேக் தானா இறுகும். பலரும் இதை மறந்துட்டு, மைலேஜ் குறையுதுன்னு கார்புரேட்டரைக் குடைவாங்க! பிரேக் ராடு நட்டையும் தளர்த்துங்க.

மண்ணெண்ணெய், பழைய பிரஷ், துணியால துடைச்சு, 90 கியர் ஆயில் உள்பக்கமா விடுங்க. ராத்திரி ஊத்தினா காலைக்குள்ள ஊறிடும். ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம், அதுல இரும்புத்தூள் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டுத் துடைக்காதீங்க, விரல் போயிரும். செயின் இணைப்புல இருக்கிற லாக் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும்.