தடுப்பு தொடங்கும் இடம்

2018 ஜூலை 19. பிரான்ஸ் கால்பந்து உலகக் கோப்பையை வென்று நான்கே நாள் ஆகியிருந்தது. ஆல்ப் துவேஸ் மலைச்சாலையில் கூடியிருந்தவர்களில் பலர் இன்னும் அந்த நீலச் சட்டையைக் கழற்றவில்லை. ஒளிரும் மேலங்கியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, அவர்களுக்கும் சாலைக்கும் நடுவே நான் இரும்புத் தடுப்புகளைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறியவன் நான். வருடம் முழுக்க கண்காட்சிக் கூடங்களில் மேடை கட்டும் வேலை. சில கோடைகளில் மட்டும், மூன்று வாரம், தினம் ஒரு கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்குத் தடுப்பு போடும் ஒப்பந்தக் குழு ஒன்றில் சேர்ந்து போனேன். விடியுமுன்பே லாரி மலையேறிவிடும். ஒரு தடுப்பை இருவர் தூக்கி இறக்கி, அடுத்ததன் கொக்கியில் மாட்டி, கால் தட்டையாகப் பதிந்திருக்கிறதா என்று மிதித்துப் பார்க்க வேண்டும். கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையில் விரல் சிக்காத ஆள் எங்கள் குழுவில் கிடையாது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் கையுறை இல்லாமல் இரும்பைத் தொட முடியாது.

சமவெளியில் பந்தயம் முடியும் ஊர்களில் இந்த வேலையில் சிக்கலே இல்லை. இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வேலி, நடுவில் வீரர்கள். மலையில்தான் நிலைமை வேறு. ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 8.1 சதவீதம். 21 கொண்டை ஊசி வளைவுகள். தடுப்பு இருப்பது கடைசிச் சில கிலோமீட்டருக்கு மட்டும்தான். அதற்குக் கீழே லட்சக்கணக்கான சனமும் வீரர்களும் ஒரே சாலையில். கயிறுகூடக் கிடையாது.

எங்கள் ஷெஃப், அதாவது குழுத் தலைவர், தடுப்பு தொடங்கும் அந்த முதல் இடத்தைப் பற்றித்தான் எப்போதும் கவலைப்படுவார். திறந்த கூட்டத்துக்குள்ளிருந்து வரும் வீரர் அந்த இடத்தில் திடீரென்று குறுகிய பாதைக்குள் நுழைகிறார். முதல் தடுப்பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மோன் வான்தூ மலையில் 2016 ஜூலை 14 அன்று நடந்ததை அவர் எங்களுக்குப் பாடமாகவே சொல்வார். உச்சியில் பேய்க்காற்று. அதனால் முடிவுக்கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே, ஷாலே ரெய்னார் என்ற இடத்துக்கு இறக்கினார்கள். மலை முழுக்கப் பரந்து நிற்க வேண்டிய சனம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்தது. கூட்டத்தில் வழியில்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட, ரிச்சி போர்ட் என்ற வீரர் அதன்மேல் மோதினார். பின்னால் வந்த மொல்லெமாவும், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃப்ரூமும் விழுந்தார்கள். சைக்கிள் உடைந்துபோன ஃப்ரூம், மாற்று வண்டி வரும்வரை காத்திருக்காமல், சைக்கிள் காலணியோடே மலையில் ஓடினார். உலகமே பார்த்து வியந்த காட்சி. ஷெஃப் மட்டும் அதைச் சொல்லும்போது ஓட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். “கூட்டம் கெட்டதல்ல, இடம் போதவில்லை” என்பார்.

மலைக்கு ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சமதரையில் நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரு கொத்தாக, மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். யார் யார் என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடும், காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். மலையில் அந்த வேகம் பாதிக்கும் கீழே. ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மூக்கு நுனியில் தொங்கும் வியர்வை தெரியும், உதட்டோரத்தில் காய்ந்த உப்பு தெரியும், மூச்சின் சத்தம் காதில் விழும். தொலைக்காட்சியில் வருடக்கணக்கில் பார்த்த ஒருவர் ஒரு முழ தூரத்தில், தன் சக்தியின் கடைசிச் சொட்டில், நம்மைத் தாண்டிப் போகிறார். இதற்காக ஒரு வாரம் முன்பே கேரவனைக் கொண்டுவந்து வளைவோரம் போட்டுவிடுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த மூத்த அண்ணை ஒருவர் முதல் நாளே அசந்துபோய்ச் சொன்னார்: “தம்பி, நல்லூர்த் தேருக்குக்கூட எங்கட சனம் ஒரு கிழமை முந்தி வந்து நிக்காது.”

வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக இறங்குவரிசையில் எண் போட்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் 21, உச்சியில் 1. ஒவ்வொரு வளைவிலும் இங்கே வென்றவர்களின் பெயர்ப்பலகை உண்டு. 1952இல் முதலில் வென்றவர் இத்தாலியின் ஃபவுஸ்தோ கொப்பி. ஏழாம் வளைவு டச்சுக்காரர்களுடையது. இங்கே நடந்த முதல் 14 முடிவுகளில் எட்டை டச்சு வீரர்கள் வென்றார்கள், மேலே தேவாலயத்தில் டச்சுப் பாதிரியார் மணி அடிப்பார் என்றெல்லாம் அவர்கள் கதை சொல்வார்கள். ஆண்கள் பந்தயத்தில் கடைசியாக ஒரு டச்சுக்காரர் வென்றது 1989இல். அதற்குப் பிறகு இத்தனை வருடமாக ஒருவரும் இல்லை. அப்படியும் அந்த வளைவு ஒவ்வொரு முறையும் அவர்கள் நிறமான செம்மஞ்சளாகத்தான் நிறைகிறது. இந்தக் காத்திருப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சாலையில் பெயர்களை எழுதுவது இன்னொரு பெரிய வேலை. இரவெல்லாம் வாளியும் தூரிகையுமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். சிலர் ஆபாசமாகவும் வரைந்து வைப்பார்கள். அதை அழிப்பதற்கென்றே பந்தயத்துக்கு முன்னால் வெள்ளைச் சாயத்தோடு ஒரு வண்டி போகிறது. அழிக்க நேரமில்லாத இடத்தில் நாலு கோட்டைச் சேர்த்து அதை முயலாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ மாற்றிவிடுவார்கள். இந்தப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

சரி, அந்த 2018க்கு வருகிறேன்.

ஃப்ரூம் அதற்குள் நான்கு முறை டூரை வென்றுவிட்டார். 2017 செப்டம்பரில் ஸ்பெயின் பந்தயத்தின்போது எடுத்த சிறுநீர் மாதிரியில், சால்பியூட்டமால் என்ற ஆஸ்துமா மருந்து அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருந்ததாகச் செய்தி வெளியானது. பல மாத இழுபறிக்குப் பிறகு, டூர் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, ஜூலை 2 அன்று அவர்மேல் குற்றமில்லை என்று வழக்கை மூடினார்கள். மலையில் நின்ற சனம் அதை ஏற்கவில்லை. 2015இலேயே அவர் முகத்தில் ஒருவர் சிறுநீரை வீசியிருந்தார். இந்த முறை கோபம் இன்னும் கூடியிருந்தது. காலையில் தடுப்பு போடும்போதே ஆஸ்துமா ஊதியை அட்டையில் பெரிதாக வரைந்து பிடித்திருந்தவர்களைப் பார்த்தேன்.

பிற்பகலில் முதலில் ஹெலிகாப்டர் சத்தம். அப்புறம் கீழேயிருந்து இரைச்சல், அலை மாதிரி, வளைவுக்கு வளைவு ஏறி வந்தது. ஸ்டீவன் க்ராய்ஸ்வைக் என்ற டச்சுக்காரர் தனியாக முன்னால் வருகிறார் என்றார்கள். ஏழாம் வளைவுக்குள் ஒரு டச்சுக்காரர் தனியே நுழைகிறார்! அந்தச் சத்தம் நான் நின்ற உயரம்வரை கேட்டது. முப்பது வருடத் தாகம் அதில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

தலைமைக் கூட்டம் எங்களிடம் வந்தபோது, கைதட்டலுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் பிரிந்து எழுந்தது. தாழ்ந்த குரலில், நீளமாக, ஊளை. ஃப்ரூம் வருகிறார். கைகள் தடுப்புக்கு மேலாக நீண்டன. எனக்கு முன்னாலிருந்த ஒருவர் கட்டை விரலைக் கீழே காட்டி அடித்தொண்டையால் கத்தினார். நானும் வாயைத் திறந்துவிட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. வழக்கின் விவரமும் அப்போது முழுதாகத் தெரியாது. பக்கத்தில் எல்லோரும் செய்தார்கள், என் தொண்டையும் சேர்ந்துகொண்டது. இரண்டு விநாடி இருக்கும். அவர் கடந்து போகும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண் முன்சக்கரத்தின்மேலேயே இருந்தது.

ஷெஃப் பார்த்துவிட்டார். கத்தவில்லை. பக்கத்தில் வந்து, என் மேலங்கியின் பட்டையை இழுத்து நேராக்கிவிட்டு, “அவனும் வேலைக்கு வந்தவன்தான்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் என்னோடு வழக்கம்போலவே பேசினார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்று கீழே ஒருவர் ஃப்ரூமின்மேல் கைவைத்ததை இரவு தொலைக்காட்சியில் பார்த்தோம். முடிவுக்கோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில், புகைக்கும் நெரிசலுக்கும் நடுவில் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி விழுந்தார். பார்வையாளர் ஒருவரின் கேமரா வார் கைப்பிடியில் மாட்டியதாகச் சொன்னார்கள். முதுகெலும்பில் முறிவு. அதோடு எழுந்து உச்சிவரை ஓட்டி முடித்துவிட்டு, பந்தயத்திலிருந்து விலகினார். அன்றைய கட்டத்தை வென்றவர் ஜெரெய்ன்ட் தாமஸ், ஃப்ரூமின் அணித் தோழர், அன்று மஞ்சள் சட்டையில் இருந்தவர். மேடை ஏறியபோது அவரையும் ஊளையிட்டார்கள்.

ஆனால் அதே சனம் அதற்குப் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். தாமஸ் மேடையிலிருந்து இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் மலையில் ஆட்கள் இருந்தார்கள். சமதரையில் பாய்ந்து வெல்லும் விரைவோட்டக்காரர்கள் பலருக்கு மலை ஏறாது. அன்று மட்டும் கவீரியா, க்ரூனவேகன், க்ரைப்பல் ஆகிய மூவரும் வழியிலேயே விலகியிருந்தார்கள். மீதிப் பேர் நேரவரம்புக்குள் வந்துசேர வேண்டுமென்று கூட்டமாக, முகம் வெளுத்து, ஏறி வந்தார்கள். கடைசி இடத்தில் இருந்தவர் அமெரிக்காவின் லாசன் க்ராடக். முதல் நாளே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தும் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தவர். இவர்களுக்கு எழுந்த கைதட்டலில் ஊளை ஒன்றுகூட இல்லை. ஒரு கிழவி மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையிலிருந்த நிகழ்ச்சித்தாளில் எண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரையும் விடவில்லை.

2019 ஜூன் 12. ரொவான் ஊரில் ஒரு பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்க்கப் போன ஃப்ரூம், காற்று அடித்துச் சுவரில் மோதினார். தொடையெலும்பு, முழங்கை, விலா எல்லாம் முறிந்தன. பல மணிநேர அறுவைச் சிகிச்சை. இனி அவர் சைக்கிள் ஓட்டினாலே பெரிது என்று பேசிக்கொண்டார்கள். நான் அந்தச் செய்தியை வேலைத்தலத்தில் கைப்பேசியில் படித்துவிட்டு, ஏனோ அதை உடனே மூடிவிட்டேன்.

2022 ஜூலை 14 அன்று மறுபடி ஆல்ப் துவேஸ். பிரான்ஸின் தேசிய நாள், கொளுத்தும் வெயில். ஷெஃப் ஓய்வு பெற்றுவிட்டார். முதல் தடுப்பு இப்போது என் பொறுப்பு. முனையில் மெத்தை கட்டி, நாலு முறை மிதித்துப் பார்த்து, அதன் பக்கத்திலேயே நின்றேன். அன்றைய பாதை பிரியான்சோனிலிருந்து கலிபியே, க்ருவா து ஃபேர் கணவாய்களைத் தாண்டி சுமார் 165 கிலோமீட்டர். கலிபியே இறக்கத்தில் டாம் பிட்காக் என்ற 22 வயதுப் பையன் பறந்து வந்தான் என்று எல்லாருக்கும் வாய் ஓயவில்லை. அவனோடு முன்னால் தப்பி வந்தவர்களில் 37 வயது ஃப்ரூமும் இருக்கிறார் என்றது வானொலி.

பிட்காக் முதலில் தனியாகப் போனான். அப்புறம் தென்னாப்பிரிக்காவின் மெய்ன்ட்ஜஸ். அதற்கடுத்து ஃப்ரூம். தடுப்பின் மேலுள்ள விளம்பரப் பலகைகளைச் சனம் உள்ளங்கையால் தட்டுவது வழக்கம். இந்த முறை ஃப்ரூம் வளைவில் தெரிந்ததும் அந்தத் தட்டல் மேலிருந்து ஓடி வந்து, நான் பிடித்திருந்த முதல் தடுப்புக்கு இறங்கியது. இரும்பு முழுக்க அதிர்ந்தது. கையுறைக்குள் அது முழங்கைவரை வந்ததை உணர்ந்தேன். ஊளை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் போலவே, கண் முன்சக்கரத்தின்மேல், முழங்கை இரண்டும் வெளியே விரிந்தபடி, என் முழ தூரத்தில் கடந்து போனார். நான் கையைத் தட்டவில்லை. தடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நகராமல். மூன்றாவதாக முடித்தார்.

இந்தச் சனத்தை மன்னிப்பவர்கள் என்றோ மறப்பவர்கள் என்றோ என்னால் சொல்லிவிட முடியவில்லை. 2018இல் ஊளையிட்டவர்கள் வேறு, 2022இல் தட்டியவர்கள் வேறு என்றும் நினைக்கவில்லை. என்னைப் போல இரண்டிலும் இருந்தவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். தொடையெலும்பு முறிந்த மனிதன் ஏறுவதைக் கிட்டே நின்று பார்த்தால், கையில் பிடித்திருக்கும் அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல்போகும். அவ்வளவு கிட்டே நிற்கவிடும் விளையாட்டு இது. அந்தக் கிட்டத்தை வேலி போட்டு முழுக்க மூடிவிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். தடுப்பு போடுபவன் நான், எனக்கு அதில் சம்மதமில்லை.

கடைசிக் கூட்டமும் ஏறி முடித்த பிறகு கழற்ற ஆரம்பித்தோம். வெயில் இறங்கியும் இரும்பு சூடாகவே இருந்தது. லாரியில் பாதி ஏற்றியபோது ஷெஃபுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஃப்ரூம் வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பார்த்தேன், பார்த்தேன். முதல் தடுப்பு நகரவில்லையே?”

நகரவில்லை என்றேன்.