இரவுத் தூண்டிலும் இரையும்

நம் பழைய மாணவர் சங்கத்தின் இம்மலரில் எழுதும் பலரும் வகுப்பறையையும் விளையாட்டுத் திடலையும் நினைவுகூர்வார்கள் என்பதால், விடுதி மாணவர்களாகிய எங்களில் சிலர் சனிக்கிழமை மாலைகளில் நாகர்கோவிலிலிருந்து பேருந்தேறிக் கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டத்துத் தோழன் வீட்டுக்குப் போய், இரவில் துறைமுகத்துப் படகுத்துறையில் தூண்டில் போட்டதைப் பற்றியே நான் எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக இரையைப் பற்றி. ஏனெனில் தங்கூசி என்னும் தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் அங்கே எல்லோரிடமும் ஒன்றுபோலவே இருந்தன, யாருடைய வாளி நிறையும் என்பதை இரைதான் தீர்மானித்தது.

தோழனின் தந்தையை நாங்களும் மாமா என்றே அழைத்தோம். எங்கள் இரைப் பையைச் சோதிக்காமல் அவர் எங்களைத் துறைக்கு அனுப்பியதில்லை. மத்தி என்றும் சொல்லப்படும் சாளையை ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். "மக்கா, வயிறு உடைஞ்சத எறிஞ்சிரு, தண்ணியில விழுமுன்ன கழண்டு போவும்" என்பார். சாளையில் எண்ணெய் மிகுதி. அதன் வாடை நீரில் நெடுந்தூரம் பரவும் என்பதால் இருட்டில் அதற்கு நிகரான இரை குறைவு. ஆனால் சதை மிகவும் மென்மையானது. வீசிய வேகத்திலேயே பாதி கழன்றுவிடும். மீதியைப் பொடிமீன்கள் கொத்தித் தின்றுவிடும். ஆகவே மாமா சாளையைத் தலையோடு சாய்வாக வெட்டி, கல்லுப்பை அடுக்கடுக்காகத் தூவி, மாலை முழுவதும் ஓலைப்பெட்டியில் வைத்திருப்பார். உப்பு நீரை இழுத்துக்கொள்வதால் சதை இறுகும், தோலும் தூண்டில் முள்ளைப் பற்றி நிற்கும். முள்ளை முதுகெலும்பின் ஓரமாகச் செலுத்தி, நுனி வெளியே தெரியும்படி விட வேண்டும் என்பதும் அவர் விதித்ததே.

என்னைக் கேட்டால் கணவாய்க்கே முதலிடம் தருவேன். விரல் அகலத்தில், ஒரு முனை கூராக நீளவாக்கில் வெட்டி, அகன்ற முனையில் ஒரே முறை குத்தினால், மற்ற முனை நீரோட்டத்தில் தனியே ஆடும். பொடிமீன் எவ்வளவு கொத்தினாலும் அது முள்ளை விட்டு எளிதில் வராது. நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. தோலை உரிக்க வேண்டுமா என்பதில் தோழனுக்கும் எனக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. உரிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பேத்தை மீன் வந்துவிட்டால் மட்டும் கணவாயாலும் பயனில்லை. அதன் பற்கள் கிளி அலகைப் போல இரையோடு தங்கூசியையும் நறுக்கிவிடும். நஞ்சுள்ள மீன் என்பதால் பிடிபட்டாலும் உணவுக்கு ஆகாது. அப்போது இடம் மாறி உட்காருவதே வழி.

எங்கள் உயிரியல் ஆசிரியர் ஒருமுறை உடன் வந்தார். மீனின் பக்கவாட்டில் செல்லும் நுண்துளை வரிசை நீரின் அதிர்வை உணர்கிறது என்று வகுப்பில் அவர் வரைந்து காட்டியதை, அங்கே பிடித்த பாரையின் உடலில் விரலால் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னபின்புதான் விளக்கின் பொருள் எங்களுக்கு விளங்கியது. துறை விளக்கின் ஒளி விழும் நீரில் மிதவை உயிரிகள் சேரும், அவற்றைத் தின்னப் பொடிமீன்கள் வரும், அவற்றைத் தின்னப் பாரையும் சீலாவும் ஒளிக்கு வெளியே, நிழல் தொடங்கும் இடத்தில் காத்திருக்கும். அங்கே வெட்டிய இரையைவிட உயிருள்ள பொடிமீனே சிறந்தது. முதுகுத் துடுப்புக்கு முன்னால், எலும்பில் படாமல் மேலாகக் குத்தினால் அது நெடுநேரம் நீந்தும், அந்தத் துடிப்பே வேட்டை மீனை அழைக்கும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் விளக்கடி இன்னும் கலகலப்பாக இருக்கும். விளக்கு எட்டாத கல்லோரத்தில் கலவாவுக்கும் செம்பல்லிக்கும் உப்பிட்ட சாளையை அடியில் கிடத்துவதே சரி. கெளுத்தியும் அங்குதான் வரும்; அதன் முட்களில் நஞ்சு உண்டு என்பதால் துணி சுற்றாமல் பிடிக்கக்கூடாது.

பாறையில் பிடுங்கிய சிப்பி நல்ல இரைதான், ஆனால் நூலால் கட்டாவிட்டால் நிற்காது. அலை வாங்கும் மணலில் கிளறி எடுக்கும் சிறு மணல் நண்டு பகலுக்கே ஏற்றது என்று நினைக்கிறேன்.

விடுமுறையில் ஊருக்குச் செல்வோருக்கு ஒரு தகவல். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இப்போது சின்னமுட்டத்தில் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல் முதலான மேற்குக் கரைத் துறைகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் உள்ளது. ஆகையால் மே மாதத்தில் கணவாய் வேண்டுமானால் குளச்சல் பக்கம் போய் வாங்க வேண்டும். ஜூன் பிற்பாதியில் சின்னமுட்டத்திலேயே கிடைக்கும். ஜூன் முதல் இரு வாரங்களில் இரு கரைகளிலும் விசைப்படகு இறங்காது என்பதால் நாட்டுப்படகுச் சாளையை நம்பியே துறைக்குப் போக வேண்டும்.

இங்கே வளைகுடாவில் வெள்ளிக்கிழமை இரவுகளில் தூண்டில் போடும் நம் சங்கத்தினர் கடையில் வாங்கும் உறைந்த கணவாயைக் குழாய் நீரில் ஊறவைத்து இளக்குவதைப் பார்க்கிறேன். நன்னீரில் ஊறினால் அதன் வாடையும் உப்பும் போய்விடும். பையைப் பிரிக்காமலே வாளியில் வைத்துத் தானாக இளக விடுங்கள், வெட்டும்போது சிறிது கல்லுப்பும் சேருங்கள்.